அளவுக்காரன் மூக்கு

அன்று காலை எங்கள் கொல்லையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குந்தியிருந்தேன்.

என் வீட்டுக்காரி அஞ்சலை. கையில் வெந்நீர்ச் சட்டி.

மகள் மல்லிகா. பிரசவத்துக்கு வந்தவள், இன்னும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அவள் இடுப்பில் என் பேரன். பால் கேட்டு அழுதுகொண்டிருந்தான்.

அஞ்சலையின் தம்பி கோவிந்தன். எங்கள் ஊர் விவசாயக் கூலிகள் சங்கத்துக்குச் செயலாளர்.

குடவாசலில் நெல் மண்டி வைத்திருந்த ராவுத்தர். சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் காத்தாயி அக்கா. வாய் நிறைய வெற்றிலை.

பசு ஒன்று. அதுவும் பார்த்தது.

எல்லாரும் பார்த்தது என் மூக்கை. என் கையில் பேரனுடைய பாலாடை இருந்தது. குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தின் மூக்கை என் மூக்கில் வைத்திருந்தேன். பேரன் அழுததற்குக் காரணம் அதுதான். அவன் பாத்திரம் என்னிடம் இருந்தது.

போன வாரம் இந்தப் பக்கத்தில் நடவு பற்றிச் சொல்லும்போது எனக்கு மூக்கடைப்பு உண்டு என்று ஒரு வரி எழுதினேன். நீடாமங்கலத்தில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தவர் ஒருவர், அதை விவரமாக எழுதுங்கள், எனக்கும் அதே தொல்லை என்றார். அதனால் இந்த வாரம் மூக்கு.

லாபம்

எனக்குத் தொழில் நெல் அளப்பது. மூன்றாவது வரை படித்தேன். எழுத்து மெதுவாகத்தான் வரும். வாய்க்கணக்கு தப்பாது.

களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்த பிறகு அளவுக்காரன் மரக்காலோடு போய் நிற்பான். குனிந்து அள்ளி, விளிம்புக்கு மேல் நிற்பதைத் தலை வழித்து, கொட்டி, எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். களத்தின் கடைசியில் நிற்கிறவன் காதிலும் விழ வேண்டும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்.

எண்ணும்போது ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டோம். முதல் மரக்காலுக்கு லாபம் என்று பெயர். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். குவியலில் கை வைத்துச் சொல்கிற முதல் லாபம் சுத்தமாக வர வேண்டும். அப்போது இருமக்கூடாது. தடுமாறக்கூடாது. தும்மவே கூடாது. தும்மினால் அந்தக் குவியலுக்கு ஆகாது என்பார்கள்.

எனக்கு இருந்தது பீனிசம். டாக்டர்கள் சைனஸ் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் அடைப்பு ஒன்றுதான். நெல்லுச் சுணை மூக்கில் போனால் போதும். புருவத்துக்கு மேலே கல்லைக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி இருக்கும். குனிந்தால் அந்தக் கல் முன்னால் வந்து மோதும். என் தொழிலில் குனியாமல் எதுவும் நடக்காது.

வாசனையும் போய்விட்டது. எது போனது, எப்போது போனது என்று தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற சாமான் போவது தெரியாது.

கால் மரக்கால்

அது ஆட்சி மாறிய புதுசு. கறுப்பு சிவப்புக் கொடி ஒரு பக்கம், சிவப்புக் கொடி ஒரு பக்கம். கொடிக்கம்பம் நடாத தெரு இல்லை. காலம் காலமாக எங்களை டேய் என்று கூப்பிட்ட வாய்கள் ஏம்ப்பா என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தன. சில வாய்களுக்கு அது லேசில் வரவில்லை. டே என்று ஆரம்பித்து, விழுங்கி, ஏம்ப்பா என்று முடியும்.

கூலிச் சண்டை ஊருக்கு ஊர் நடந்தது. அறுப்பு நிற்கும். வெளியூர் ஆட்களை இறக்குவார்கள். போலீஸ் வேன் வரும். நன்னிலம் பக்கம், மன்னார்குடி பக்கம் எல்லாம் அடிதடி. எங்கள் ஊரில் அடிதடி வரை போகவில்லை. ஆனால் ஒரு சம்பா முழுக்க யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதுவரை கூலி கலத்துக்கு ஒரு மரக்கால். சங்கம் ஒன்றரை கேட்டது. பண்ணை முடியாது என்றது. தாசில்தார் நடுவில் உட்கார்ந்து ஒன்றே கால் என்று முடித்தார். கூடுதல் கால் மரக்கால். பார்க்கக் கொஞ்சம்தான். அடுப்புக்கு அது தெரியும்.

இன்னொன்றும் பேச்சில் முடிந்தது. முன்பெல்லாம் பண்ணைக்கு அளக்கும்போது மரக்கால் கும்பாரமாக இருக்கும், கோபுரம் மாதிரி. கூலிக்கு அளக்கும்போது தலை வழித்துக் கொடுப்பார்கள். இனி இரண்டும் ஒரே அளவு, ஒரே ஆள் கை என்று தீர்மானம். அந்த ஆள் யார் என்று கேட்டபோது இரண்டு பக்கமும் முருகையன் என்று என் பெயரைச் சொன்னது. பண்ணைக்கு நான் பழைய ஆள். சங்கத்துக்கு நான் கோவிந்தனின் மச்சான்.

எனக்குச் சந்தோஷம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்து வந்தது குறுவை அறுப்பு. புதுக்கூலி அளக்கிற முதல் களம். நான் குனிந்து, லாபம் என்று வாயைத் திறந்தேன். தும்மல் வந்தது. மரக்காலைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி தும்மல். மூன்றாவது தடவையும் அதேதான்.

பண்ணையின் காரியக்காரர் சிங்காரம். நிலத்தைப் பார்த்துக்கொள்வது, ஆளை விடுவது, கணக்கு எல்லாம் அவர் கையில். அவர் அன்று அப்படியே அளக்க விட்டார். மறுநாள் தாசில்தாரிடம் போய்ச் சொன்னார். முருகையன் கெட்டவனில்லை, மூக்குத்தான் கெட்டது என்றாராம். தைக் களத்தில் லாபம் சொல்லும்போது இவன் தும்மினால் தன் மச்சினன் அளப்பான் என்று எழுதி வாங்கிவிட்டார். சங்கத்தால் மறுக்க முடியவில்லை. தும்மல் ஆகாது என்று எங்கள் ஆட்களும்தானே நம்பினார்கள்.

அந்த மச்சினன் கையை எனக்குத் தெரியும். பண்ணைக்கு அளக்கும்போது நெல்லை அமுக்குவான். கூலிக்கு அளக்கும்போது மேலாக உதறிப் போடுவான். கட்டைவிரல் மரக்காலுக்குள்ளேயே இருக்கும். ஊர் சண்டை போட்டு வாங்கிய கால் மரக்கால் அவன் விரலுக்கடியிலேயே காணாமல் போய்விடும்.

ஆக, ஊர்க்கூலி என் மூக்கில் வந்து நின்றது.

பொடியும் புகையும்

ஐப்பசியிலிருந்து என் மூக்குக்கு ஊரே வைத்தியம் பார்த்தது.

நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன். பிடிக்கிறவரை சுகம். துப்பட்டியை எடுத்ததும் பழையபடி. மஞ்சளைச் சுட்டுப் புகையை இழுத்தேன். கண்தான் எரிந்தது. நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டார்கள். காய்ந்து உதிரும்போது தோலும் கொஞ்சம் வந்தது. ஓமத்தை முடிச்சுக் கட்டி முகர்ந்துகொண்டே நடந்தேன். எனக்கு வாசனை தெரியாது. பக்கத்தில் வருகிறவர்கள் ஓமம் நன்றாயிருக்கிறது என்றார்கள்.

ஒருவர் மூக்குப்பொடி போடச் சொன்னார். தும்மித் தும்மி உள்ளே இருப்பதெல்லாம் தீர்ந்துவிடும், அப்புறம் தும்ம எதுவும் மிச்சமிருக்காது என்பது அவர் கணக்கு. போட்டேன். அன்று முழுக்கத் தும்மினேன். பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைத் தேடிப் பிடித்து வந்த கோவிந்தன் பொடி மட்டையை எடுத்து வாய்க்காலில் வீசினான்.

காத்தாயி அக்கா தினமும் வேலிக்கு மேலே தலையை நீட்டி மூக்கு எப்படி என்று கேட்பாள். அவளுக்கு ஆள் கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாள். அறுத்து வாங்குகிற கூலிதான் அவளுக்கு வருஷத்துக்கும். அதனால் அவள் கேட்பதில் வேடிக்கை பாதி, விசாரம் பாதி.

ராவுத்தர் மூக்கு

ராவுத்தர் எனக்குப் பழக்கம் மண்டி வழியாக. அவர் நாள் முழுக்க நெல் தூசியில் உட்கார்ந்திருப்பவர். அவர் தும்மி நான் பார்த்ததில்லை. இது எனக்கு ஒருநாள் திடீரென்று உறைத்தது. அவரிடமே கேட்டேன்.

அவர் சிரித்தார். தொழுகைக்கு முன்னால் ஒளு எடுக்க, அதாவது கை கால் முகம் கழுவ வேண்டும், அதில் மூக்குக்குத் தண்ணீர் கொடுத்துச் சீந்துவதும் உண்டு என்றார். அப்புறம் இப்படிச் சொன்னார்.

"நான் அஞ்சு வேளையும் தொழுவுறேன் முருகையா. தூசி மூக்குல குடியேறுறதுக்குள்ள பட்டா இல்லாம வெளிய தள்ளிடுறேன். ஒன் மூக்குல அது குடிகெடை பாத்தியதையே வாங்கிருச்சு."

பட்டா, குடியிருந்து வாங்குகிற உரிமை என்று நிலத்துப் பேச்சே ஊர்ப் பேச்சாக இருந்த காலம். மூக்குக்கும் அதே பேச்சு.

நான் கையில் அள்ளி உறிஞ்சிப் பார்த்தேன். பாதி தொண்டைக்குப் போனது. புரையேறியது. முற்றிய பீனிசத்துக்கு இது போதாது, டாக்டரிடம் கேள் என்றார் அவர். நன்னிலம் போய்ப் பார்த்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மாத்திரை கொடுத்தார். மூக்கைக் கழுவலாம் என்றார், ராவுத்தர் சொன்னது மாதிரியே.

விவரமும் சொன்னார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். வாய்க்கால் தண்ணீர், குளத்துத் தண்ணீர் கூடவே கூடாது. மூக்கு வைத்த பாத்திரத்தால் ஒரு துவாரத்தில் ஊற்ற வேண்டும். வாயைத் திறந்து வாயால் மூச்சு விட வேண்டும். மறு துவாரம் வழியாக வெளியே வரும். முடிந்ததும் இரண்டு பக்கமும் குனிந்து மெதுவாகச் சீந்தி, உள்ளே தங்கியதை வடித்துவிட வேண்டும். பெரிய டம்ளருக்கு அரை ஸ்பூன் உப்பு.

மூக்கு வைத்த பாத்திரத்துக்கு எங்கே போவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மல்லிகா பேரனுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

உப்பு அளந்த கை

இப்போது கொல்லைக்குத் திரும்பலாம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியது அஞ்சலை. பாலாடையைக் கழுவிக் கொடுத்தது மல்லிகா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. உப்புப் போட்டது கோவிந்தன். தப்பு அங்கேதான் நடந்தது.

டம்ளருக்கு அரை ஸ்பூன் என்றால் செம்புக்கு ஒரு ஸ்பூன் என்று கணக்குச் சொன்னேன். பேரனுக்கு மருந்து கொடுக்கிற ஸ்பூனில் கல் உப்பை அள்ளினான். நான் பழக்கத்தில் தலை வழிக்கப் போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் என்ன மச்சான் தலை வழிக்கிறது? நமக்கு நாமளே அளந்துக்கிறப்பயாச்சும் கும்பாரமா அளக்க வேணாமா?"

கும்பாரமாகப் போட்டான். அதோடு விட்டானா என்றால் இல்லை. கூலி அளந்து முடித்ததும் மேலே ஒரு கை அள்ளிப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஒரு கை இல்லாமல் அளவு முடிந்ததாக யாரும் நினைக்க மாட்டோம். கோவிந்தன் கையை உப்புப் பானைக்குள் விட்டான். அள்ளிப் போட்டான். அங்கே இருந்த ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

ஊற்றினேன்.

அது ஏறியதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மிளகாய் அரைத்த அம்மியை மூக்குக்குள் கழுவினது மாதிரி. கண்ணிலிருந்து தண்ணீர், வாயிலிருந்து தண்ணீர். மூக்கிலிருந்து மட்டும் வரவில்லை. எழுந்தவன் மாட்டுத் தொட்டியில் போய் இடித்துக்கொண்டேன். பேரன் அழுகையை நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான். பொக்கை வாய்ச் சிரிப்பு. அவன் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. மல்லிகா என்னை மறந்துவிட்டு, சிரிக்கிறான் சிரிக்கிறான் என்று அவனைத் தூக்கிக் காட்டினாள்.

காத்தாயி அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"நாகப்பட்டினத்துக் கடலையே ஊத்திட்டீங்களேப்பா. வலை வீசுனா மத்தி கெடைக்கும் போல."

ராவுத்தர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். கோவிந்தன் மட்டும் சிரிக்கவில்லை. அளவு சரிதானே என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

அஞ்சலை செம்பை வாங்கி அப்படியே தென்னை மரத்தடியில் கவிழ்த்தாள். சட்டியிலிருந்து புதுத் தண்ணீர் ஊற்றினாள். ஸ்பூனைத் தொடவில்லை. விரல் நுனியால் கொஞ்சம் உப்பு எடுத்துப் போட்டு, கலக்கி, ஒரு சொட்டை நாக்கில் விட்டாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். மறுபடி நாக்கு.

"அழுவுறப்ப கண்ணுத் தண்ணி வாய்க்கு வரும்ல, அந்த உப்பு இருந்தா போதும். கெடந்து எரியாது," என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் இத்தனை பேர் நிற்கிறார்கள். தலையைச் சாய்த்து வாயைத் திறந்து ஊற்றினேன்.

எரியவில்லை. உள்ளே வெதுவெதுப்பாக ஏறியது. எங்கேயோ முட்டி நின்றது. நின்று, யோசித்து, பிறகு திறந்துகொண்டது. மடைப்பலகையைத் தூக்கினால் வயலுக்குள் முதலில் செத்தையும் நுரையும் வருமே, அது மாதிரி மறு துவாரம் வழியாகப் பழைய சரக்கெல்லாம் வந்தது. பின்னால் நல்ல தண்ணீர் வந்தது.  மூக்கிலிருந்து தண்ணீர் ஓடுவதை அத்தனை பேர் அத்தனை மரியாதையாக நின்று பார்த்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பாலாடையை மல்லிகா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறமும் அதில் பேரனுக்குப் பால் கொடுக்கவில்லை. எனக்கு அது சொந்தமானது. அவனுக்குப் புதுசு வாங்க ராவுத்தரோடு கும்பகோணம் போனேன். கடைக்காரர் பிள்ளைக்கு எத்தனை மாசம் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ராவுத்தர் முந்திக்கொண்டார். ஒண்ணுக்கு நாலு மாசம், இன்னொண்ணுக்கு நாற்பத்தெட்டு வயசு என்றார்.

கருவாடு

தினமும் காலையில் கழுவினேன். சில நாள் சாயங்காலமும். கொதிக்க வைப்பதும் உப்புப் பார்ப்பதும் அஞ்சலை. நான் ஊற்றிக்கொள்வதோடு சரி. ஒரு வாரத்தில் ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. கார்த்திகை மழையில் இரண்டு தடவை பழையபடி அடைத்தது. விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. வேலிக்கு மேல் காத்தாயி அக்கா தலை தெரியும். மறுபடி பாலாடையை எடுப்பேன்.

மார்கழியில் ஒருநாள் வயலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். குழம்பு ஊற்றினாள். ஏதோ மூக்கில் வந்து அடித்தது. அடுப்பங்கரையைத் திரும்பிப் பார்த்தேன். எது இப்படி நாறுகிறது என்று கேட்டேன்.

அஞ்சலை கரண்டியோடு நின்றாள்.

"கருவாட்டுக் குழம்புதான். இத்தனை வருசமா இதத்தான வச்சேன்."

நான் சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் சோறு வாங்கினேன். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பசுவுக்குப் பக்கத்தில் நின்றேன். பேரனைத் தூக்கி உச்சியை முகர்ந்தேன். அவனிடம் பால் வாசமும் விளக்கெண்ணெய் வாசமும் இருந்தது. எனக்குத் தெரியாமலே அவன் இந்த வாசத்தோடு இத்தனை நாள் என் வீட்டில் இருந்திருக்கிறான்.

அன்றைக்கு என்னவோ போலிருந்தது. அவ்வளவுதான்.

தைக் களம்

பொங்கல் கழிந்து பண்ணை அறுப்பு. முதல் களம், அரை வேலி நிலத்து நெல், மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்.

அன்று விடிவதற்கு முன்பே எழுந்து மூக்கைக் கழுவினேன். பாதியில் கோவிந்தன் வந்து வாசலில் நின்றுகொண்டு அவசரப்படுத்தினான். காரியக்காரர் வந்தாகிவிட்டது, மச்சினனும் வந்தாகிவிட்டது, மரக்காலோடு உட்கார்ந்திருக்கிறான் என்றான். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். குனிந்து வடித்துவிடச் சொன்ன டாக்டரம்மாவை அந்த அவசரத்தில் மறந்துவிட்டேன்.

களத்தில் அறுத்த ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நெல் வாங்க ராவுத்தரும் வந்திருந்தார். குவியல் வெயிலில் மினுமினுத்தது. தூற்றிய தூசி இன்னும் அடங்கவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஓடியது. தும்மல் வருகிற மாதிரி இல்லை.

கிழக்கே பார்த்து நின்று, மரக்காலை எடுத்து, குவியலுக்குக் குனிந்தேன்.

உள்ளே தங்கியிருந்த தண்ணீர் மூக்கு வழியாகக் கொட்டியது. சொட்டு இல்லை. குழாயைத் திறந்த மாதிரி. முகத்தை மட்டும் சட்டென்று திருப்பிவிட்டேன். நெல்லில் படவில்லை. தோள் துண்டில் பாதி, தரையில் பாதி.

மரக்கால் கையில் காலியாக நின்றது. நான் இன்னும் லாபம் சொல்லவில்லை.

 காரியக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். மச்சினன் அவருக்கு முன்பே எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். காரியக்காரர் டே என்று ஆரம்பித்தார். விழுங்கினார். ஏம்ப்பா முருகையா, ஒத்துக்கிட்டபடி ஒதுங்கிக்க என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோவிந்தன் முன்னால் வந்தான். பண்ணை ஆட்கள் இரண்டு பேரும் முன்னால் வந்தார்கள். போன சம்பா எப்படி ஆரம்பித்ததோ அப்படியே இதுவும் ஆரம்பிக்கப் பார்த்தது.

 குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். மூக்கு இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து காத்தாயி அக்கா குரல் வந்தது. அவள் சத்தம் போடவில்லை. வழக்கமாக வேலிக்கு மேல் பேசுகிற குரல்தான்.

"ஐயா, தும்முனாத்தானே ஆகாதுன்னு எழுதி வாங்குனீங்க. தம்பி எங்கீங்க தும்முச்சு? தண்ணிதானே வந்துச்சு. தண்ணி வந்தா அபசகுனம்னு நம்ம சீமையில எந்தக் குடியானவன் சொல்லுவான்? நீங்க சொல்லுவீங்களா?"

காரியக்காரர் வாய்க்கால் பக்கம் பார்த்தார்.  ஆடி மாசம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்றால் அவர்தான் முதலில் மதகில் போய் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வந்தால் தேங்காய் உடைப்பவரும் அவர்தான். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

ராவுத்தர் மெதுவாகச் சொன்னார், அம்மா சொல்வது நியாயமாக இருக்கிறது என்று. யாரோ ஒருவன் பின்னால் நின்று, மேட்டூர் தொறந்தாச்சு என்றான். முதலில் பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் ஆண்கள். பண்ணை ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். காரியக்காரருக்கு மீசை நன்றாக அடர்த்தி. அதற்குள் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அளப்பா," என்றார்.

இரண்டு பக்கமும் குனிந்து, மிச்சம் இருந்ததையும் வடித்து, சீந்தினேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். வேறு துண்டு கொடுத்தார்கள். மச்சினன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டான்.

குனிந்து, அள்ளி, தலை வழித்தேன். லாபம் என்றேன்.

அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மூக்கில் முட்டாமல் நேராகப் போனது. மேற்கு வரப்பில் கட்டியிருந்த மாடு திரும்பிப் பார்த்தது. எங்கள் பசு மாதிரி அது ஓடவில்லை.

ஒரு சேதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். அந்தச் சித்திரையில் காரியக்காரர் வீட்டு வேலையாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஐயாவுக்கு மூன்று நாளாக மூக்கடைப்பு, அந்தப் பாலாடை எங்கே வாங்கினது என்று கேட்டு வரச் சொன்னார் என்றான். அஞ்சலை கடையையும் சொல்லி, உப்புக்குப் பக்குவமும் சொல்லி அனுப்பினாள். கும்பாரமாகப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கலாம் என்றான் கோவிந்தன். அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

பீனிசம் எனக்கு முழுக்கப் போகவில்லை. வரும், போகும். வந்தால் கழுவுவேன். இப்போதும் அதே பாலாடைதான்.

அந்தத் தைக் களத்தில் அன்று வெயில் சாய்கிறவரை அளந்தேன். தூசி பறந்தது. புது நெல் வாசனை தலைக்கு மேல் நின்றது. முகம் கோணாமல் குனிந்தேன், நிமிர்ந்தேன். ஒரு கலத்துக்கு ஒரு குறி வைத்துக்கொண்டே வந்தார்கள். பண்ணைக்கும் கூலிக்கும் அதே மரக்கால், அதே தலைவழிப்பு.

குவியல் நூற்றிரண்டு கலம். கலத்துக்கு ஒன்றே கால் மேனி கூலி நெல்லைத் தனியாக அளந்து கொட்டினேன். முடித்ததும் மேலே ஒரு கை அள்ளிப் போட்டேன். அறுத்த ஆட்கள் குவியலைச் சுற்றி நின்றார்கள். மொத்தத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் காத்தாயி அக்கா. காதில் விழாமல் இல்லை. கேட்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

சொன்னேன்.

பத்துக் கலம், ஏழரை மரக்கால்.